முப்பத்தேழும் மூன்றும்

கொக்குவிலில் இருந்து வல்லை வெளி தாண்டி
குடத்தனைக்கு அப்பால் வரை
முப்பத்தேழு கிலோமீற்றர் தார்.
பிறகு மூன்று கிலோமீற்றர்
யார் பேச்சையும் கேளாத மணல்.
ஒவ்வொரு நாளும் போக ஒருமுறை, வர ஒருமுறை.
ஆகவே ரயர் வாங்குவதென்பது
எனக்கு ஒரு பின்னக் கணக்கு.

ஸ்ரான்லி வீதியில் மரியநேசனின் கடை.
சுவரில் அந்தோனியார்,
அவருக்குக் கீழே கறுப்புத் தூண்களாய்
புது ரப்பர் மணம்.

"டொக்ரர், உங்கட டபிள்கப்புக்கு இதுதான்."
அவர் உருட்டி வந்தது சேற்று ரயர்.
முதலைப் பல்லு. இடுக்கில்
என் பெருவிரல் முழுசாய்ப் புதைந்தது.
ஆசை வந்தது, மறைக்கவில்லை.
இதைப் பூட்டினால்
மாட்டுக்கு ஊசி போடப் போகிறவள் என்று
ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

ஆனால் இதே பல்லு வைத்த
தவநாயகத்தின் வண்டியில் வல்லை வெளி கடந்திருக்கிறேன்.
காற்று ஒரு பக்கம், ரயர் ஒரு பக்கம் ஒப்பாரி.
அவர் சொன்ன கதையில் பாதி
இன்னும் அந்த வெளியில்தான் கிடக்கும்.
நீர்வேலியில் மழைக்குள் பிரேக்கை மிதித்தார்.
நிற்பதற்கு முன் வண்டி
கொஞ்சம் யோசித்தது.

அப்ப தார் ரயர்?
மெத்தென்று போகும், எண்ணெயும் மிச்சம்.
இப்போது கிடப்பது அதுதான்.
அதோடுதான் போன ஐப்பசியில்,
இராசமலரின் பசு கன்று போட ஏலாமல் கிடந்த இரவில்,
அச்சு வரைக்கும் புதைந்து
பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.
கன்று பிழைத்தது.
இராசமலர் ஒன்றும் சொல்லவில்லை.
என் சப்பாத்தில் இருந்த மணலைப் பார்த்தா.

மூன்று சின்ன எண்ணென்று
எனக்கு யார் படிப்பித்தது?

நடுவில் ஒன்று இருந்தது. எல்லா நிலத்துக்குமாம்.
ஒட்டியிருந்த தாளில் ஒரு ஆறு, ஒரு மலை,
மலையில் பனி.
"யாழ்ப்பாணத்தில மலை எங்க?" என்று கேட்டேன்.
"கீரிமலை இருக்குத்தானே" என்றான் டிலக்சன்
சில்லைக் கழற்றியபடி.

எல்லா நிலமும்.
அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றேன்.
நாகர்கோவில் பக்கம் சிவப்புப் பலகைகளில்
மண்டையோடு சிரித்த வருடங்களில்
முன்னே போன வண்டியின் தடத்துக்குள் மட்டும்
சில்லை வைத்து ஓட்டப் பழகியவள் நான்.
பலகையைப் பிடுங்கிவிட்டார்கள்.
கால் இன்னும் அதை நம்பவில்லை.
ஆடு குறுக்கே பாய்ந்தாலும்
பிரேக்தான், வெட்டுவதில்லை.
இதற்கு எந்தக் கம்பனி ரயர் செய்யும்?

பிறகு வேலையைப் பார்த்தேன்.
பக்கச் சுவரை அமத்தி,
சுண்ணாம்புக் கல்லுக்குத் தாங்குமா என்று நகத்தால் கீறி,
நிலத்தில் முழந்தாள் ஊன்றி
அந்த நாலு இலக்கத்தைத் தேடினேன்,
எத்தனையாம் கிழமை, எந்த வருடம்.
மூன்று ரயர் போன வருடத்துப் பிள்ளைகள்.
நாலாவதுக்கு வயது ஆறு.

மரியநேசன் அந்தோனியாரைப் பார்த்தார்.
"உது என்னண்டு இதுக்குள்ள வந்தது?"
"அண்ணை, நான் பல்லுப் பாத்து
மாட்டுக்கு வயசு சொல்லுறவள்."

விலை? ஒரு கறவைப் பசு, கன்றோடு.
பேரம் பேசி கன்றின் வாலளவு குறைத்தார்.

முதல் நாள்.
அறுபதைத் தாண்ட அடியில் ஒரு முனகல்.
போகப்போகப் பழகுமாம்.
ரேடியோவைக் கூட்டினேன்.
தார் முடிந்த இடத்தில் இறங்கிக்
காற்றைத் திறந்துவிட்டேன்,
முப்பத்தைந்தில் இருந்து பதினெட்டுக்கு.
அந்தச் சீழ்க்கைக்கு மூன்று நாய்கள் ஓடிவந்தன.
சோறு உண்ட ஆளைப் போல
வண்டி கொஞ்சம் தளர்ந்து அமர்ந்தது.
மணல் நெரிந்தது, முறுகியது,
விட்டது.

இராசமலரின் வேலியடியில் நிறுத்த
அந்தக் கன்று, இப்போது கொம்பு முளைத்து,
நேரே வந்து ரயரை நக்கியது.
உப்பென்று நினைத்திருக்கும்.
"புதுசோ?" என்றா இராசமலர்.
"ஓம்" என்றேன்.
வேறொன்றும் கதைக்கவில்லை.

திரும்பித் தாரில் ஏறியபோதுதான் தெரிந்தது,
காற்றடிக்கும் பம்ப்
கொக்குவிலில், கதவுக்குப் பின்னால்.
நெல்லியடிக் கடை வரைக்கும்
சைக்கிள்கள் என்னை முந்திக்கொண்டு போயின.